ஏழாவது வார்டில் தோற்றவர்

ஆலடிப்பேரி பேரூராட்சியில் ஏழாவது வார்டு கவுன்சிலர் பதவிக்கு நின்று பதினோரு ஓட்டில் தோற்றுப்போன வள்ளிநாயகம், மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தன்னுடைய ஜெராக்ஸ் கடையைத் திறப்பதற்காகச் சாவிக்கொத்தும் தூக்குவாளியுமாக மெயின் ரோட்டைக் கடக்கப் போனபோது, ரோட்டின் நடுவில் போட்டிருந்த வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய கால் இறங்க மாட்டேன் என்றது. கால் வலிக்கவில்லை, மரத்துப்போகவில்லை, யாரும் பிடித்து இழுக்கவும் இல்லை. தூக்கிய கால் கோட்டுக்கு மேலே போய் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எடுத்த இடத்துக்கே திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஓடிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளைக்கோடுதான் ஏழாவது வார்டுக்கும் எட்டாவது வார்டுக்கும் எல்லை. கடை எட்டாவது வார்டில், இருபது காலடி தூரத்தில், 'கோமதி ஜெராக்ஸ்' என்று அவர் மகளின் பெயர் எழுதிய பலகையோடு கண்ணுக்கு நேராக இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடை வைத்திருந்த நயினார், வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, காலையிலயே ரோட்டுல ஓட்டப்பந்தயமா?"

"கால் அந்தப் பக்கம் போக மாட்டேங்கு நயினாரு."

"தோத்த அசதியா இருக்கும். ஒரு டீயக் குடிச்சுட்டுப் போங்க, போகும்."

டீயைக் குடித்துவிட்டுப் போனார், போகவில்லை. டீக்கடையில் இருந்த நாலு பேர் எழுந்து வந்து கைக்கு இருவராக அவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள்; நாலு பேரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள், அவர்கள் கையில்தான் வள்ளிநாயகம் இல்லை. அவர் கோட்டுக்கு இந்தப் பக்கமே, வேட்டி கூடக் கசங்காமல், தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். ஆட்டோவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஆட்டோ போயிற்று, பின்சீட்டில் இருந்தவர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

மதியத்துக்குள் நாலு எல்லையும் தெரிந்துவிட்டது. தெற்கே மெயின் ரோடு, வடக்கே வாய்க்கால், கிழக்கே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, மேற்கே அரிசி மில் சுவர். இதற்குள் நாலு தெரு, ஒரு ரேஷன் கடை, ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம், ஒரு இசக்கியம்மன் கோயில், அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு. ஒரு மாதமாக எந்த வார்டை வீடு வீடாகக் கைகூப்பிச் சுற்றி வந்தாரோ அந்த வார்டுக்குள்ளேயே அவர் அடைபட்டுப் போயிருந்தார்.

தகவல் கேட்டு வந்த அவர் மனைவி உலகம்மாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அவர் முகத்தையும் காலையும் ஒரு தடவை பார்த்தாள்.

"சாவியத் தாங்க," என்றாள். "கடை வாசல்ல பிள்ளைங்க ஆதார் கார்ட வச்சுக்கிட்டு நிக்குது."

சாவியை வாங்கிக்கொண்டு அவள் ரோட்டைக் கடந்து போய் ஷட்டரைத் தூக்கினாள். அன்றிலிருந்து கடை அவள் கையில்தான். அவளுக்கு இது பெரிய மாற்றமாக இல்லை. வள்ளிநாயகம் இருபத்தாறு வருஷமாகக் கட்சிக்காகப் போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி, மேடை போட்டு, மாநாட்டுக்கு வேன் பிடித்து ஆள் ஏற்றிக்கொண்டு போனவர். அந்த இருபத்தாறு வருஷத்தில் பாதி நாள் கடையைத் திறந்தது அவள்தான். அப்படி உழைத்ததற்குத்தான் கட்சி கடைசியில் அவருக்கு ஒரு சீட்டுக் கொடுத்தது.

ஒரு வாரம் ஊர் முழுக்க இதே பேச்சாக இருந்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நேரில் வந்து முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர், ஒருவர் ரோட்டைத் தாண்டாமல் இருப்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இசக்கியம்மன் கோயில் கொடை விழாவில் சாமி வந்து ஆடியவர், "விடுவேன், ஆனா இப்ப இல்ல" என்று திருநீறு போட்டார். கட்சியின் மாவட்டச் செயலாளர் காரில் வந்து அவரைக் கட்டிப்பிடித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மறுநாள் ஊரெல்லாம் 'மக்களை விட்டு ஓர் அடி நகராத மாவீரன்' என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. அடுத்த மாதமே, கூட்டத்துக்கு வருவதில்லை என்று சொல்லி அவரிடமிருந்த வட்டப் பொறுப்பை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. பால்காரர் பால் ஊற்றுவது போல, மில்லில் சங்கு ஊதுவது போல, வள்ளிநாயகம் வார்டைத் தாண்ட முடியாதவர் என்பதும் ஊரில் உள்ள சங்கதிகளில் ஒன்றாகிவிட்டது. அரிசி மில்லுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருந்த எல்லைத் தகராற்றில் சர்வேயர் சங்கிலியை எடுக்காமல் அவரைத்தான் கூப்பிட்டார். அவர் கால் நின்ற இடத்திலிருந்து மில் சுவர் இரண்டடி உள்ளே வந்திருந்தது தெரிய, மில்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்.

ஜெயித்தவர் பெயர் துரைப்பழம். நல்ல மனிதர், சிமெண்டுக் கடைக்காரர். ஜெயித்த ஆறாவது மாதம் பிள்ளைகள் படிப்புக்காகத் திருநெல்வேலிக்குக் குடிபோனார். மாதக் கூட்டத்துக்குக் காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் கார் சூடு ஆறுவதற்குள் திரும்பிவிடுவார். அப்படி இருக்க, குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரி யாரிடம் போவாள்? எந்நேரமும் வீட்டில் இருக்கும், எங்கேயும் போகவே முடியாத ஒருவர் அதே தெருவில் இருக்கும்போது?

"அண்ணாச்சி, மூணு நாளாச்சு தண்ணி வந்து."

"கவுன்சிலர்ட்டச் சொல்லும்மா. நான் தோத்தவன்."

"அவர எங்க போய்த் தேட? நீங்கதான் இருக்கிய."

அவருக்கு எழுத்து நன்றாக வரும். மனு எழுதிக் கொடுத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எல்லாம் முறைப்படி எழுதி, கீழே கையெழுத்துப் போடும்போது என்ன பதவி போடுவது என்று தெரியாமல், வந்த எரிச்சலில் 'இப்படிக்கு, வள்ளிநாயகம், ஏழாவது வார்டில் தோற்றவர்' என்று எழுதினார். அந்த வரிதான் வேலை செய்தது. செயல் அலுவலர் அதைப் படித்துவிட்டு, இவர்தானா அந்த ஆள் என்று பார்க்க ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மனு கொடுக்க வள்ளிநாயகம் ஆபீசுக்குப் போக முடியாது என்பதால் ஆபீஸ் அவரைத் தேடி வந்தது. பிறகு மின்வாரிய இன்ஜினியர் வந்தார், குடிநீர் வாரியத்தார் வந்தார்கள், ஒரு நாள் சப்-கலெக்டரே வந்தார். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"எங்க, ஒரு தடவை தாண்டிக் காட்டுங்க பார்ப்போம்."

வள்ளிநாயகம் அவர்களை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப் போவார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்கோட்டின் மேல் காலைக் கொண்டுபோவார். கால் நிற்கும், திரும்பும். அதிகாரி சிரிப்பார், அல்லது உச்சுக் கொட்டுவார், அல்லது பயந்துபோய்ப் பேசாமல் நிற்பார், பிறகு ஜீப்பில் ஏறுமுன் எப்படியும், "உங்களுக்கு ஏதாவது செய்யணுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே ஆட்கள் மனுவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடை ஓரம் நிற்பார்கள். இப்படித்தான் வாய்க்கால் தெருவுக்கு வடிகால் வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை வந்தது, பதினேழு தெருவிளக்கு எரிந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் அவர் ஒரு தடவை காலைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

மூன்று வருஷத்தில் ஏழாவது வார்டைப் போல் இன்னொரு வார்டு அந்தத் தாலுகாவில் இல்லை என்று ஆயிற்று. எட்டாவது வார்டுக்காரர்கள் தங்கள் வார்டில் தோற்றவர் வீட்டு வாசலில் காலையில் போய் நின்று, அவர் மளமளவென்று பஸ் ஏறிப் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஏழாவது வார்டில் வள்ளிநாயகம் லேசாக இருமினால் போதும், ஆறு வீட்டிலிருந்து கஷாயம் வந்தது.

புதிய போர்வெல் திறப்பு விழாவுக்குத் துரைப்பழம் வந்திருந்தார். ரிப்பன் வெட்டிய பிறகு கூட்டத்திலிருந்து நழுவி வள்ளிநாயகத்தின் வீட்டுக்கு வந்து, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும்வே. ஓட்ட எனக்குப் போட்டானுவ. தேடுதது உம்மத்தான்."

"நீரு இங்கனயே இருந்திருந்தா உம்மத் தேடிருப்பாவ."

"இருந்திருக்கலாம்." துரைப்பழம் தன் செருப்பைப் பார்த்தார். "ஆனா எனக்குக் கால் போகுதே."

அதில் கேலி இல்லை.

அந்த வருஷம் ஆவணியில் கோமதிக்குக் கல்யாணம் நடந்தது. ஒரே மகள். மாப்பிள்ளைக்குக் கோவில்பட்டி, வேலை ஓசூரில். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்றார்கள், மண்டபம் ஊரில் ஒன்றுதான், அதுவும் எட்டாவது வார்டில், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில். வள்ளிநாயகம் பட்டு வேட்டி உடுத்திக்கொண்டு வெள்ளைக்கோட்டின் மேல் நின்றார். தாரை வார்த்துக் கொடுத்தது தாய்மாமன். முகூர்த்த நேரத்தில் நயினாரும் இன்னும் சிலரும் இரண்டு பக்கமும் பஸ்ஸையும் லாரியையும் நிறுத்தி, அண்ணாச்சி கண்ணுக்கு எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கூட இறங்கி வந்து நின்றார்கள். அப்படியும் அவருக்குத் தெரிந்தது மண்டப வாசலில் அசைந்த வாழை இலையும் கொஞ்சம் புகையும்தான். கெட்டிமேளம் கேட்டதும் கையில் இருந்த அட்சதையை அந்தத் திசையில் எறிந்தார். அட்சதை கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் ரோட்டைக் கடந்து வந்து அவர் காலில் விழுந்தார்கள். எழுந்தபோது கோமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு எட்டுதானப்பா. வாங்க. எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாவ."

"வர முடியலம்மா."

"முடியலயா, மனசு இல்லயா?" அவள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனால் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "நான் வயசுக்கு வந்தப்ப உங்களுக்கு மாநாடு. பன்னெண்டாம் கிளாஸ் பரீட்சையில மயங்கி விழுந்தப்ப இடைத்தேர்தல். அப்பவும் இந்த ரோடு இங்கதானப்பா கிடந்துச்சு?"

அவள் கையை விட்டுவிட்டு, மாப்பிள்ளையோடு பந்திக்குப் போனாள்.

நாலாவது வருஷம் கோமதிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. மாப்பிள்ளைதான் போன் செய்தான். பிறகு போனை அவளிடம் கொடுத்தான். அவள் அழவே இல்லை. "அப்பா, ஒரே ஒரு தடவ வாங்கப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அன்று வள்ளிநாயகம் சட்டை கூடப் போடாமல் ஓடினார். மெயின் ரோட்டில் பன்னிரண்டு தடவை முயன்றார். வாய்க்காலில் இறங்கினார், தண்ணீர் அவரைக் கொண்டுவந்து இந்தக் கரையில் விட்டது. மில் சுவரில் ஏறிக் குதித்தார், ஏறின பக்கமே விழுந்தார். கடைசியில் திரும்பவும் ரோட்டுக்கு வந்து, கோயிலைச் சுற்றி உருள்வது போலப் படுத்து உருண்டு பார்த்தார். வார்டே திரண்டு வந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. யாரோ குடை பிடித்தார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். முட்டியெல்லாம் தோல் உரிந்து, உடம்பெல்லாம் புழுதியாக அவர் எழுந்து வீட்டைப் பார்த்துத் திரும்பியபோது, கூட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது. இரக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

உலகம்மாள் தனியாக ஓசூருக்குப் போய் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்தவள் அங்கே நடந்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் தேர்தல் அறிவித்தார்கள். தோற்றதால் கட்டுப்பட்ட கால், ஜெயித்தால் அவிழும்: இதை நயினார் சொன்னான், கோயில் சாமியாடி சொன்னார், சப்-கலெக்டர் கூடத் தன் அனுபவத்தில் இப்படி இல்லாவிட்டாலும் நியாயமாகப் படுகிறது என்றார். கட்சி அவருக்குச் சீட்டுத் தரவில்லை. சுயேச்சையாக நின்றார். சீப்புச் சின்னம். துரைப்பழம் நிற்கவில்லை, அவர் கட்சிக்காரர்கள் பேருக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வாய்க்கால் தெருவில் தையல் சொல்லிக் கொடுக்கும் மாரிச்செல்வியைப் பிடித்தார்கள். அவள் மனுத்தாக்கல் செய்யுமுன் நேராக இவரிடம்தான் வந்தாள்.

"நிக்கச் சொல்லி உசிர வாங்குதாவ அண்ணாச்சி. எனக்கு யாரு போடப்போறா? நீங்கதான் ஜெயிப்பிய."

"நில்லும்மா. எதுத்து நிக்க ஆளே இல்லாம ஜெயிச்சா கால் அவுருமோ அவுராதோ."

அந்தத் தேர்தலில் வள்ளிநாயகம் கேட்டது போல் யாரும் ஓட்டுக் கேட்டதில்லை. ரோடு போடுகிறேன் என்று சொல்லவில்லை, விளக்குப் போடுகிறேன் என்று சொல்லவில்லை, அதெல்லாம் ஏற்கெனவே போட்டாயிற்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அஞ்சு வருஷம் ஆச்சு. என்ன விட்டுருங்க தாயி. எம்மகளப் பாக்கணும்," என்று மட்டும் கேட்டார். நாலு தெருவும் அழுதது. கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். குழந்தைகளின் தலையில் கை வைத்துச் சொன்னார்கள். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்து, தன்னைத் தூக்கிக்கொண்டாவது போய் ஓட்டுப் போட வைக்கும்படி மகன்களிடம் சொன்னார். அப்படியே தூக்கிக்கொண்டும் போனார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி வேப்பமரத்தடியில் நின்று, வந்த ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டார். வெளியே வந்த ஒவ்வொருவரும் மை வைத்த விரலைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். உலகம்மாள் பதினொரு மணிக்கு வந்து வரிசையில் நின்று போட்டுவிட்டு, அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

எண்ணிக்கை மூன்றாவது வார்டில் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில். அவர் போக முடியாது, ஏஜெண்டாக நயினார் போயிருந்தான். வீட்டில் வள்ளிநாயகம் குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, சந்தனம் வைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்ததும் பேசுவதற்கு நாலு நாளாக உட்கார்ந்து ஒரு நன்றி உரை எழுதியிருந்தார். அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

"அண்ணாச்சி."

"சொல்லு நயினாரு."

"முடிஞ்சிட்டு."

"எவ்வளவு வித்தியாசம்?"

பின்னால் யாரோ மைக்கில் எண்களை வாசிப்பது கேட்டது.

"மாரிச்செல்வி ஐநூத்தி எழுவது."

"நான்?"

"நீங்க ஒண்ணு அண்ணாச்சி."

யாரும் கூடிப் பேசியிருக்கவில்லை. இதைப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக விசாரித்தும் அப்படி ஒரு கூட்டம் எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியாகப் போய் நின்றபோது, ஒருத்திக்குத் தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தது, ஒருவருக்கு இழுத்துக்கொண்டிருக்கும் முதியோர் உதவித்தொகை ஞாபகம் வந்தது, ஒருவருக்குப் பட்டா, இன்னொருவருக்கு மகனின் சாதிச் சான்றிதழ். அண்ணாச்சி ஜெயித்துப் போய்விட்டால் பிறகு யார் ஜீப்பை வரவழைப்பார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. மற்ற எல்லோரும் அண்ணாச்சிக்குத்தானே போடுகிறார்கள், என் ஒரு ஓட்டுக் குறைந்தால் அவர் தோற்றா போவார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். படுக்கையிலிருந்து தூக்கி வரப்பட்ட கிழவரும் அப்படித்தான் நினைத்தார்.

மூன்று மணிக்கெல்லாம் நாலு தெருவிலும் வெடி வெடித்தது. மாரிச்செல்வி ஜெயித்ததற்காக யாரும் வெடிக்கவில்லை. ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார்கள், இனிப்போடு வந்தார்கள், ஒரு வீட்டிலிருந்து ஆட்டுக்கறி ஆக்கி அண்டாவோடு தூக்கி வந்தார்கள். வள்ளிநாயகத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து அவர் தோற்றதற்கு மாலை போட்டார்கள். ஒவ்வொருவரும் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்களுக்குத்தான் போட்டேன் அண்ணாச்சி, எந்தப் பாவி மாத்திப் போட்டானோ," என்றார்கள். அப்படிச் சொன்னவர்களை அவர் முதலில் எண்ணிக்கொண்டு வந்தார். இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார். அவர்கள் பொய் சொல்வது போலவும் தெரியவில்லை. கண்ணில் நிஜமான தண்ணீர் இருந்தது. விழுந்த அந்த ஒன்று தன்னுடையது. அதை அவரே சீப்புச் சின்னத்தில் குத்தினார். அப்படியானால் உலகம்மாளின் ஓட்டு? அவர் எழுந்து, மாலையோடு, வீட்டுக்குள் போனார்.

உலகம்மாள் கடையைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாக வந்திருந்தாள். அடுப்படியில் அவருக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றார். அவளே சொன்னாள்.

"நான் உங்களுக்குப் போடல."

வெளியே ஆயிரம் வாலா ஒன்று வெடித்து முடிந்தது.

"நீயுமா உலகம்மா? அவ குழந்தையப் பறிகுடுத்துட்டு நிக்கா. அவளப் பாக்கத்தான நான் கெஞ்சுனேன்."

"நாப்பது நாளு அவ பக்கத்துல இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?" அவள் சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள். குரல் உயரவில்லை. "ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லுங்க. ஜெயிச்சு, கால் அவுந்து, அந்தக் கோட்டத் தாண்டுனா மொதல்ல எங்க போயிருப்பிய?"

"ஓசூருக்கு..." என்று ஆரம்பித்தார்.

அவள் கை நீட்டி அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவரிடமே கொடுத்தாள். நன்றி உரை இரண்டு பக்கம். அதற்குக் கீழே, அவர் கையெழுத்திலேயே, நன்றி அறிவிப்பு ஊர்வலம் போகும் வழி எழுதியிருந்தது: மெயின் ரோடு, பஸ் ஸ்டாண்டு, காந்தி சிலை, கட்சி ஆபீஸ் வாசலில் ஐந்து நிமிடம் நின்று வெடி, பிறகு திருநெல்வேலி, மாவட்டச் செயலாளர் வீடு. மறுநாளைக்கு மேடை. அதற்கு மறுநாளைக்கு இன்னொரு மேடை. ஓசூர் அதில் எங்கேயும் இல்லை. வள்ளிநாயகம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு தடவை படித்தார். எழுதும்போது ஒரு தடவை கூட அது விட்டுப்போனதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

"இருபத்தாறு வருசம் உங்கள அந்த ரோட்டுலதான் தொலைச்சேன்," என்றாள் உலகம்மாள். "திருப்பி அங்கயே அனுப்ப எனக்குக் கை வரல. எம்மேல கோவப்பட்டுக்கிடுங்க."

அவர் கோபப்படவில்லை. அன்று காலையிலிருந்து அவரிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ, "அண்ணாச்சி, எங்க தெருவுல மறுபடியும் லைட் எரியல," என்று கூப்பிட்டார்கள். யாரோ அவர்களை, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்று அதட்டினார்கள்.

ஐந்து மணிக்கு மாரிச்செல்வி வந்தாள். ஜெயித்த சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள்.

"நான் கேக்கல அண்ணாச்சி. ஒரு வீட்டுலயும் போய் எனக்குப் போடுங்கன்னு கேக்கல."

"தெரியும்மா. உள்ள வா."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. இனி நான் என்ன செய்யணும்? மொதல்ல எங்க போகணும்?"

வள்ளிநாயகம் அலமாரியைத் திறந்து, மனு எழுதும் வெள்ளைத் தாளை எடுத்தார். ஐந்து வருஷத்தில் நாலு தெருவுக்கும் எத்தனையோ மனு எழுதியவர், தனக்கென்று ஒன்று எழுதியதில்லை. அனுப்புநர் என்று போட்டுத் தன் பெயரை எழுதி, ஏழாவது வார்டில் தோற்றவர் என்று எழுதினார். பெறுநர் என்று போட்டு, உயர்திரு கவுன்சிலர் அவர்கள், ஏழாவது வார்டு என்று எழுதினார். 'பொருள்' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார்: ஓசூரில் உள்ள என் மகள் கோமதியை என் சார்பில் நேரில் பார்த்து வர வேண்டுதல். அதற்குக் கீழே எழுத அவருக்கு ஒன்றும் வரவில்லை. கையெழுத்துப் போட்டு இரண்டு கையாலும் நீட்டினார்.

மாரிச்செல்வி அதை வாங்கிப் படித்தாள். அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்ற உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள், "ராத்திரி பஸ்ஸு இருக்கு. நானும் வாரேன்," என்றாள்.

"கோமதிட்ட நான் என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"அப்பா தோத்துட்டாருன்னு சொல்லு."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"நானே சொன்னேன்னு சொல்லு."

மாரிச்செல்வி மனுவை நாலாக மடித்துச் சான்றிதழ் உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். ஊருக்கு எடுத்துப் போக மாற்றுச் சேலை வேண்டும், தையல் வகுப்புச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வள்ளிநாயகம் மெயின் ரோடுவரை அவள் கூடவே நடந்தார். கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றுகொண்டார். அவள் வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்து, ரோட்டைக் கடந்து போனாள்.